மின்கட்டமைப்போடு இணையும் இன்வெர்ட்டரைச் சிறு மின்மூலங்களுக்குப் பொருத்துதல்

மின்கட்டமைப்போடு இணையும் இன்வெர்ட்டர் என்பது, சூரியப் பேனல் போன்றதொரு மூலம் தரும் நேர்மின்சாரத்தை, மின்வாரியக் கம்பியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மாறுமின்சாரத்தின் அலையோடு அடிக்கு அடி ஒத்துப்போகும் மாறுமின்சாரமாக மாற்றி, முதலில் வீட்டின் தேவைக்குக் கொடுத்து, மிஞ்சியதைத் தெருக்கம்பிக்கு அனுப்பும் கருவியாகும். மின்தடை நேரத்தில் பேட்டரியிலிருந்து விளக்கையும் விசிறியையும் ஓட்டுவதற்காகப் பல வீடுகளில் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் தானே ஓர் அலையை உண்டாக்கிக்கொள்வது. இதுவோ தெருக்கம்பியின் அலையைப் பின்பற்றுவது மட்டுமே. அந்த அலை இல்லாத நேரத்தில், வெயில் உச்சியில் இருந்தாலும் இது வாளாவிருக்கும்.

சந்தையில் கிடைக்கும் இவ்வகைக் கருவிகள் ஏறத்தாழ அனைத்தும் சூரியப் பேனலை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. காற்றாலை, சாணவாயு எஞ்சின், பேட்டரி ஆகிய வேறு மூலங்களை இவற்றோடு இணைக்க விரும்புவோர் இருவகைப்படுவர். கருவியைத் திறந்து அதன் உள்ளமைப்பை மாற்ற முனைவோர் ஒரு வகை. மூலத்தின் இயல்பைக் கருவி ஏற்கும் எல்லைக்குள் கொண்டுவர முனைவோர் மற்றொரு வகை. இக்கட்டுரை இரண்டாம் வழியையே வற்புறுத்துகிறது. செய்யவேண்டிய பொருத்தம் முழுவதும் நேர்மின் பக்கத்தில், அதாவது மூலத்துக்கும் கருவிக்கும் இடையில், நிகழவேண்டும். தெருக்கம்பியை நோக்கிய மாறுமின் பக்கம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கவேண்டும். இதற்கான காரணங்களும் செயல்முறையும் காரைக்குடிக்கு அருகிலுள்ள கோவிலூர் போன்ற ஒரு செட்டிநாட்டு ஊரின் நிலத்தையும் வீட்டமைப்பையும் முன்வைத்துக் கீழே விளக்கப்படுகின்றன.

மாறுமின் பக்கம்

மத்திய மின்சார ஆணையம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட, சிற்றளவு மின்னுற்பத்தி இணைப்புக்கான தொழில்நுட்ப விதிகள், தெருக்கம்பியோடு சேரும் ஒவ்வொரு கருவியும் எப்போது விலகிக்கொள்ள வேண்டும் என்பதை வரையறுக்கின்றன. மின்னழுத்தம் உரிய அளவின் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலோ 110 விழுக்காட்டுக்கு மேலே ஏறினாலோ 2 விநாடிக்குள் கருவி விலகவேண்டும்; 230 வோல்ட்டை அடிப்படையாகக் கொண்டால் இந்த எல்லைகள் 184 வோல்ட்டும் 253 வோல்ட்டும் ஆகும். அதிர்வெண், அதாவது அலை விநாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்னும் அளவு, 47.5 ஹெர்ட்ஸுக்குக் கீழோ 50.5 ஹெர்ட்ஸுக்கு மேலோ சென்றால் 0.2 விநாடிக்குள் விலகவேண்டும். கருவி வெளியிடும் மாறுமின்சாரத்தோடு நேர்மின்சாரம் அதன் முழு அளவின் 0.5 விழுக்காட்டுக்கு மேல் கலந்துவிடக் கூடாது. கலந்தால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கரு ஒருபக்கமாகக் காந்தமேறிச் சூடாகும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது தீவாதல் தடுப்பு எனப்படும் பாதுகாப்பாகும். ஒரு தெருவின் மின்சாரத்தை மின்வாரியம் நிறுத்திய பிறகும், அத்தெருவின் கூரைகளில் உற்பத்தியாகும் மின்சாரம் அங்குள்ள வீடுகளின் தேவைக்குச் சரியாகப் பொருந்திவிட்டால், கருவி தான் பின்பற்றிவந்த அலை போய்விட்டதை அறியாமல் தொடர்ந்து ஓடக்கூடும். அப்போது அந்தத் தெரு மட்டும் சுற்றிலும் மின்சாரம் இல்லாத நிலையில் உயிருள்ள ஒரு தீவாக நிற்கும். மின்கம்பத்தில் ஏறும் வயர்மேன், தான் துண்டித்துவிட்டு வந்த கம்பி செத்துவிட்டது என்றே எண்ணுவார். இதைத் தடுப்பதற்காகக் கருவி தன் அலையைச் சற்றே முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது; தெருக்கம்பி உயிரோடு இருந்தால் அந்தச் சிறு தள்ளல் எடுபடாது, இல்லையெனில் அதிர்வெண் உடனே எல்லை தாண்டி ஓடிக் கருவியை நிறுத்திவிடும். ஐ.எஸ். 16169 என்னும் இந்தியத் தரம் இந்தச் செயற்பாட்டைச் சோதிக்கும் முறையை வகுக்கிறது. அச்சான்று இல்லாமல், வீட்டுச் சுவரிலுள்ள சாக்கெட்டில் செருகினாலே போதும் என்று சொல்லி மலிவு விலைக்கு விற்கப்படும் சிறு கருவிகளை எக்காரணம் கொண்டும் வாங்கலாகாது. அவற்றால் மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு மறுதட்டில் நிற்பது கம்பத்தின் மேல் வேலை செய்பவரின் உயிர். போதாக்குறைக்கு, இருதிசை மீட்டர் பொருத்தாத வீடுகளில் சிலவகை மின்னணு மீட்டர்கள் வெளியே போகும் மின்சாரத்தையும் உள்ளே வந்ததாகவே கூட்டிக் கணக்கிடுவதால், கொடுத்த மின்சாரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட நேரும்.

கோவிலூர் வீட்டுக் கூரை

பிற மூலங்களைப் பற்றிப் பேசுமுன் சூரியப் பேனலை எடுத்துக்கொள்வது தேவையாகிறது. கருவி எதை எதிர்பார்க்கிறது என்பது பேனலின் இயல்பிலிருந்தே விளங்கும். பேனலுக்கு இரண்டு மின்னழுத்தங்கள் உண்டு. எதனோடும் இணைக்காமல் வெயிலில் வைத்தால் தருவது திறந்த மின்னழுத்தம். மிகுதியான மின்திறனைத் தரும் நிலையில் அதைவிடக் குறைந்த ஓர் அழுத்தத்தில் அது இயங்கும். கருவிக்குள் இருக்கும் எம்.பி.பி.டி. எனப்படும் உச்சத்திறன் தேடும் பகுதி, அழுத்தத்தைச் சிறிது கூட்டியும் குறைத்தும் பார்த்து, திறன் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் நகர்ந்து அந்த நிலையைக் கண்டுபிடிக்கிறது.

எடுத்துக்காட்டாக, 540 வாட் பேனல் ஒன்றின் பின்புறச் சீட்டில் திறந்த மின்னழுத்தம் 49.5 வோல்ட் என்றும், உச்சத்திறன் மின்னழுத்தம் 41.6 வோல்ட் என்றும் குறித்திருப்பதாகக் கொள்வோம். இத்தகைய 6 பேனல்களை வரிசையாகக் கோத்தால் 3.24 கிலோவாட் திறனும், 297 வோல்ட் திறந்த மின்னழுத்தமும் கிடைக்கும். சீட்டில் உள்ள எண்கள் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு உரியவை. சித்திரை வைகாசியில் கோவிலூர்க் கூரையின் மேலே பேனலின் உள்வெப்பம் 70 டிகிரியைத் தொடும்போது, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 விழுக்காடு வீதம் இயங்கு மின்னழுத்தம் இறங்கி 250 வோல்ட்டிலிருந்து 210 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். மார்கழி விடியலில் 18 டிகிரி இருக்கையில் திறந்த மின்னழுத்தம் 303 வோல்ட் அளவுக்கு ஏறும். ஆகவே 80 முதல் 550 வோல்ட் வரை தேடக்கூடியதும், 600 வோல்ட்டை உச்ச எல்லையாகக் கொண்டதுமான 3 கிலோவாட் கருவிக்கு இவ்வரிசை நன்றாகப் பொருந்தும். அதே கருவியில், இருக்கிற எல்லைதானே என்று 12 பேனல்களை ஒரே வரிசையில் கோத்துவிட்டால் குளிர்ந்த காலையில் 606 வோல்ட்டை எட்டி எல்லையைத் தாண்டும். உள்ளிருக்கும் மின்தேக்கிகளும் மின்மாற்றும் பகுதிகளும் அன்றே கெடும். மின்னோட்டம் எல்லை மீறினால் பெரும்பாலான கருவிகள் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும், மின்னழுத்தம் மீறினால் அவற்றுக்குத் தற்காப்பு இல்லை என்பதை எந்த மூலத்தை இணைக்கும்போதும் முதலில் கருதவேண்டும்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு இன்னொரு கணக்கையும் வேண்டி நிற்கிறது. இவ்வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக, வளவு எனப்படும் உள்முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என நீண்டு செல்பவை. முன்புறக் கைப்பிடிச் சுவரில் சுதைச் சிற்பங்களும் உயர்ந்த முகப்பும் நிற்பதாலும், வளவைச் சுற்றி ஓட்டுக் கூரை இருப்பதாலும், பேனலுக்குத் தோதான தட்டைத் தளம் பெரும்பாலும் பின்கட்டிலேயே கிடைக்கும். மீட்டரோ முகப்பில் இருக்கும். இடையிலுள்ள 40 மீட்டர் தொலைவை 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பியால் இணைத்தால், போகவர 80 மீட்டர் கம்பியின் தடை 0.59 ஓம் ஆகும். 3 கிலோவாட் உற்பத்தியில் 13 ஆம்பியர் ஓடும்போது கருவியின் முனையில் அழுத்தம் மீட்டரில் இருப்பதைவிட 7.7 வோல்ட் கூடுதலாகும். நண்பகலில் தெருவில் 245 வோல்ட் இருந்தால் கருவி 252.7 வோல்ட்டைக் காணும். எல்லையான 253க்கு மயிரிழை தூரம். வெயில் நன்றாக அடிக்கும் நேரம் பார்த்துக் கருவி நின்று நின்று ஓடுகிறது என்ற முறையீடு பலவற்றுக்கும் காரணம் இதுவே. 6 சதுர மில்லிமீட்டர் கம்பி இட்டால் ஏற்றம் 3.2 வோல்ட்டாகக் குறையும். கம்பியின் விலைக்கு அஞ்சி, கருவியின் மின்னழுத்த எல்லையை அமைப்புப் பக்கத்தில் உயர்த்திவிடும்படி சிலர் பரிந்துரைப்பதுண்டு. அது மேற்சொன்ன தொடக்கூடாத பக்கத்தைத் தொடுவதாகும். அண்டை வீட்டுக் குளிர்பெட்டியும் விளக்கும் அந்த மிகையழுத்தத்தைச் சுமக்கவேண்டி வரும்.

கோவிலூர் வடக்கு அகலாங்கு 10 பாகையை ஒட்டி இருப்பதால் பேனலைத் தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 பாகை சாய்த்தால் போதும். வரிசையில் ஒரு பேனல் மேல் சுதைச் சிற்பத்தின் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையும். உச்சத்திறன் தேடும் பகுதி, நிழலால் தோன்றும் இரண்டு மூன்று சிறு உச்சங்களில் தாழ்ந்த ஒன்றில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அத்தகைய கூரையில் பேனலுக்கு ஒன்றாகப் பொருத்தும் மைக்ரோ இன்வெர்ட்டர்கள் விலை கூடினாலும் ஏற்றவை. நல்ல கூரையில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட்டை ஒட்டிய உற்பத்தியை எதிர்பார்க்கலாம். 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். அடுத்து வரும் மூலங்களை இந்த எண்ணோடு ஒப்பிட்டே மதிப்பிடவேண்டும்.

காற்றாலையை இணைத்தல்

தமிழ்நாட்டின் காற்று வளம் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி முதலிய கணவாய்களின் வழியே பாய்வது. செட்டிநாடு இவற்றின் நேர்ப்பாதையில் இல்லை. கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியபோது, அதைத் தன் ஊரில் நடாமல் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம் நட்டது. சொந்த ஊர் மண்ணில் நிற்பதைவிடக் காற்று இருக்கும் இடத்தில் நிற்பதே காற்றாலைக்கு அழகு என்பதை அந்த ஊராட்சி அறிந்திருந்தது. ஆரோவில்லில் மின்வாயு என்னும் குழு, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹியூ பிகாட் வகுத்த வடிவமைப்பின் வழியில், மர இறக்கைகளும் நிலைக்காந்த மின்னாக்கியும் கொண்ட சிறு காற்றாலைகளை உள்ளூரிலேயே செய்து வந்துள்ளது. இத்தகைய காற்றாலையைக் கோவிலூரில் நடுவோர் முதலில் எண்களைப் பார்க்கவேண்டும்.

காற்றின் திறன் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 2.4 மீட்டர் விட்டமுள்ள இறக்கைச் சக்கரம், காற்றிலுள்ள திறனில் கால் பங்கை மின்சாரமாக்குவதாகக் கொண்டால், விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 42 வாட்டும், 6 மீட்டரில் 140 வாட்டும், 8 மீட்டரில் 330 வாட்டும், 10 மீட்டரில் 650 வாட்டும் தரும். மரங்களும் கட்டடங்களும் சூழ்ந்த ஊருக்குள், கூரையின் மேல் ஒரு குழாயை நட்டு அதில் காற்றாலையை ஏற்றினால், பெரும்பாலான நாட்களில் முதல் எண்ணுக்குக் கீழேயே நிற்கும்; சுழல்காற்றால் இறக்கை உழலும், அதிர்வு பழைய சுண்ணாம்புச் சுவருக்குள் இறங்கும். ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையைப் போன்ற திறந்த வெளியில், சுற்றுப்புற மரங்களைவிட நன்கு உயர்ந்த கோபுரத்தில் நட்டால் மட்டுமே இம்முயற்சிக்குப் பொருள் உண்டு. ஓராண்டுக்குக் காற்றை அளந்துவிட்டுத் தொடங்குவது நலம்.

காற்றாலை மின்னாக்கி தருவது, வேகத்தோடு அழுத்தமும் அதிர்வெண்ணும் மாறும் மும்முனை மாறுமின்சாரம். மும்முனை டயோடு பாலம் எனப்படும் மின்திருத்தியின் வழியே இதை நேர்மின்சாரமாக்கினால், இரு கம்பிகளுக்கிடையே உள்ள மாறுமின்னழுத்தத்தைப் போல் 1.35 மடங்கு நேர்மின்னழுத்தம் கிடைக்கும். இதைச் சூரியக் கருவியின் உள்ளீட்டில் அப்படியே கொடுத்தால் இரண்டு சிக்கல்கள் எழும்.

முதலாவது, உச்சத்திறன் தேடும் முறையைப் பற்றியது. வெயில் மெதுவாக மாறும். ஆகவே அழுத்தத்தைத் தள்ளிப் பார்த்துத் திறன் கூடியதா குறைந்ததா என்று காணும் முறை பேனலுக்குப் பொருந்தும். காற்றோ விநாடிக்கு விநாடி மாறும். கருவி அழுத்தத்தைக் குறைத்த அதே நொடியில் ஒரு வீச்சு வந்து திறன் கூடினால், தான் செய்த மாற்றமே அதற்குக் காரணம் என்று தவறாகக் கொண்டு மேலும் குறைக்கும். சக்கரத்தின் மேல் சுமை ஏறி அது தன் வேகத்தை இழந்து ஏறத்தாழ நின்றுபோகும். இதற்குத் தீர்வு, தேடுவதை விட்டுவிட்டு, இந்த அழுத்தத்தில் இவ்வளவு திறனை மட்டும் எடு என்று முன்கூட்டியே வரையறுத்த ஓர் அட்டவணையைக் கருவிக்குக் கொடுப்பதாகும். ஜெர்மனியின் எஸ்.எம்.ஏ. நிறுவனம் தன் சூரியக் கருவியின் உடன்பிறப்பாக விண்டி பாய் என்ற பெயரில் வெளியிட்டதும், பவர்-ஒன் நிறுவனம் அரோரா வரிசையில் வெளியிட்டதும் இத்தகைய அட்டவணையை ஏற்கும் கருவிகளே. மேற்கண்ட சக்கரம், இறக்கை நுனி காற்றைவிட 6 மடங்கு வேகத்தில் ஓடும்போது நன்றாக இயங்குவதாகக் கொண்டால், 8 மீட்டர் காற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 380 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் 200 வோல்ட் வருமாறு மின்னாக்கியின் சுருளைச் சுற்றியிருந்தால், அட்டவணையில் 100 வோல்ட்டுக்கு 40 வாட், 150க்கு 140, 200க்கு 330, 250க்கு 650 என்று எழுதவேண்டும். 80 வோல்ட்டுக்குக் கீழே கருவி விழிக்காமல் இருப்பதால் இழப்பது ஏறத்தாழ 20 வாட் மட்டுமே. அதைப் பிடிக்க முனைந்து சுருளின் சுற்றைக் கூட்டுவது அடுத்த சிக்கலை வளர்க்கும்.

இரண்டாவது சிக்கல் அபாயகரமானது. பேனலைச் சுமையிலிருந்து விடுவித்தால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே ஏறும். காற்றாலையை விடுவித்தாலோ சக்கரம் கட்டற்று ஓடும். இறக்கை நுனி காற்றைவிட 10 மடங்கு வேகத்தை எட்டக்கூடும். 12 மீட்டர் காற்றில் அது நிமிடத்துக்கு 950 சுற்றாகி 500 வோல்ட்டையும், 15 மீட்டர் காற்றில் 600 வோல்ட்டுக்கு மேலும் தரும். கோவிலூர்ப் பக்கம் கோடைமழைக்கு முன் அடிக்கும் சூறைக்காற்றில்தான் மரக்கிளை கம்பியில் விழுந்து மின்சாரம் போகும். மின்சாரம் போனதும் விதிப்படி கருவி விலகும். அந்த நொடியில்தான் காற்று மிகக் கடுமையாக இருக்கும். தெருக்கம்பியைப் பாதுகாக்க விலகும் கருவி, அந்த விலகலாலேயே தன் உள்ளீட்டில் மிகையழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் நிலை இது.

ஆகவே மின்திருத்திக்கும் கருவிக்கும் நடுவே, கருவியின் தயவை எதிர்பாராமல் தானாக இயங்கும் ஒரு காப்புப் பெட்டி கட்டாயம் தேவை. அழுத்தம் 400 வோல்ட்டை எட்டியதும் மின்னணு விசை ஒன்று மூடி, உற்பத்தியைக் கழிவுச்சுமை எனப்படும் தடைச்சுருள்களில் வெப்பமாகக் கழிக்கவேண்டும். 230 வோல்ட், 1000 வாட் கம்பிச்சுருள் ஹீட்டர் எலிமெண்ட் ஒன்றின் தடை 53 ஓம். மூன்றை வரிசையாக இணைத்தால் ஏறத்தாழ 160 ஓம் ஆகி 400 வோல்ட்டில் 1000 வாட்டை விழுங்கும். அழுத்தம் 600 வோல்ட்டுக்கே ஏறினாலும் ஒவ்வொன்றின் மேலும் 200 வோல்ட்தான் விழும் என்பதால் சுருள் கருகாது. காரைக்குடிக் கடைவீதியில் எளிதில் கிடைக்கும் பொருளால் இந்தச் சுமையை அமைக்கலாம். செங்கல் மேடையில் காற்றோட்டமாக, மரத் தூணுக்கும் உத்தரத்துக்கும் எட்டத்தில் வைக்கவேண்டும். ஆனால் விசை, ஃபியூஸ், பிரேக்கர் ஆகிய மூன்றும் நேர்மின்சாரத்துக்கு என்றே செய்யப்பட்டவையாக இருக்கவேண்டும். மாறுமின்சாரம் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் விசை திறக்கையில் எழும் தீப்பொறி தானே அணையும்; நேர்மின்சாரத்தில் அது அணையாமல் எரிந்து பெட்டியை உருக்கும். இதற்கும் மேலாக, கடுங்காற்றில் சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் வால் அமைப்பு, மின்சாரத்தை நம்பாத கடைசிக் காப்பாக இருந்தே ஆகவேண்டும்.

சாணவாயு எஞ்சினும் பேட்டரியும்

சாணவாயுவைப் பொறுத்தவரை பொருத்தும் முறையைவிடப் பொருத்தலாமா என்பதே முதற் கேள்வி. ஒரு கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ 0.04 கனமீட்டர் வாயு கிடைக்கும். நாளொன்றுக்கு 100 கிலோ சாணம் கிடைக்கும் தொழுவத்தில் 4 கனமீட்டர் வாயு தேறும். அதன் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 24 யூனிட்டுக்குச் சமம். சிறு எஞ்சினில் எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 5 யூனிட் அளவே, மின்சாரமாகும். கூரையில் 3 கிலோவாட் பேனல் ஆளில்லாமலே 12 யூனிட் தரும்போது, அந்த வாயுவைப் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சமைக்கும் அடுப்பில் எரிப்பதே அறிவுடைமை. பெரிய மாட்டுப்பண்ணையோ நாள்தோறும் பந்தி நடக்கும் சமையற்கூடமோ இருந்து வாயு மிஞ்சினால் மட்டும் எஞ்சினைக் கருதலாம். வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு எஞ்சினின் உட்புறத்தை அரிப்பதால், துருவேறிய இரும்புத் தூள் நிரப்பிய குழாயின் வழியே அதைச் செலுத்தியபின் எரிக்கவேண்டும்.

எஞ்சினோடு இணைத்த மின்னாக்கியின் மின்சாரத்தைத் திருத்திக் கருவிக்குக் கொடுத்தால், உச்சத்திறன் தேடும் பகுதி எங்கே நிற்பது என்று அறியாது. எஞ்சின் திணறி நிற்கும்வரை சுமையை ஏற்றிக்கொண்டே போகும். தேடுதலை நிறுத்தி, ஒரே அழுத்தத்தில் நிலைத்து இயங்கும் முறை அமைப்பில் உள்ள கருவியையே இதற்குத் தேர்ந்துகொண்டு, வெளியீட்டு உச்சவரம்பை எஞ்சினின் தொடர்திறனில் நான்கில் மூன்று பங்காக நிறுத்தவேண்டும். இவ்வசதி கருவியின் கையேட்டில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். விற்பவரின் வாய்மொழி போதாது.

பேட்டரியின் சிக்கல் வேறு. பேனலின் முனைகளைச் சேர்த்துவைத்தாலும் அது இயல்பான மின்னோட்டத்தைவிடச் சிறிதளவே கூடுதலாகத் தரும். பேட்டரியோ நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். கருவியின் உள்ளீட்டில் இருக்கும் வெற்று மின்தேக்கிகளோடு பேட்டரியை நேரடியாகத் தொடுத்தால், தொட்ட நொடியில் வெடிப்பொறி எழுந்து முனை உருகும். ஒரு தடையின் வழியே மின்தேக்கியைச் சில விநாடி நிரப்பியபின் முதன்மை விசையை மூடுவதும், பேட்டரி முனைக்கு மிக அருகில் நேர்மின் ஃபியூஸை வைப்பதும், அழுத்தம் குறைந்தால் தானாகத் துண்டிக்கும் ரிலேயைச் சேர்ப்பதும் தவிர்க்கமுடியாதவை. இவ்வளவும் செய்து, ஈயப் பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலை இழந்து, மிஞ்சியதைத் தெருக்கம்பிக்கு அனுப்புவதில் பொருளில்லை. பேட்டரி வீட்டுக்கு உரியது. 1948இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் கொடுத்து உருவாக வழிசெய்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953 முதல் காரைக்குடியில் பேட்டரி ஆராய்ச்சியை நடத்திவருகிறது. அத்தகைய மரபு பக்கத்திலேயே இருக்கும் ஊரில், பேட்டரியின் இயல்பறிந்து அதற்குரிய வேலையை மட்டும் கொடுப்பது பொருத்தமானது.

மின்தடை நேரத்தில்

மின்சாரம் போனபோதும் கூரையின் மின்சாரத்தைப் பயன்படுத்த விரும்புவோர்க்கு இரண்டு நேரிய வழிகள் உண்டு. பேட்டரியும் பேனலும் சேரும் ஹைபிரிட் இன்வெர்ட்டரை வாங்குவது எளியது. ஏற்கெனவே உள்ள கருவியை வைத்துக்கொண்டு அமைப்பது இன்னொன்று: அலையைத் தானே உண்டாக்கும் ஒரு பேட்டரி இன்வெர்ட்டர், வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து ரிலேயால் முழுமையாகப் பிரித்துவிட்டு, உள்ளே ஓர் அலையை அளிக்கும், பழைய கருவி அதைப் பின்பற்றி உற்பத்தியைத் தொடரும். இங்கே தீவு உண்டாகிறது, ஆனால் அது வீட்டுச் சுவருக்குள் அடங்கிய, தெருவோடு தொடர்பற்ற தீவு.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பேட்டரி நிரம்பியபின் மிஞ்சும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாதபோது, பேட்டரி இன்வெர்ட்டர் அலையின் அதிர்வெண்ணைச் சற்று உயர்த்தி, உற்பத்தியைக் குறைக்கும்படி மற்றதற்குக் குறிப்புணர்த்தும். ஆனால் எல்லாக் கருவியும் அக்குறிப்பை ஒரே வகையில் ஏற்பதில்லை. ஜெர்மனியில் தொடக்கக்காலக் கருவிகள் 50.2 ஹெர்ட்ஸில் ஒட்டுமொத்தமாக விலகும்படி அமைக்கப்பட்டிருந்ததால், ஒரே நேரத்தில் பெருந்திறன் மறைந்து நாடே இருளக்கூடும் என்று அஞ்சி, 2012இல் தனி ஆணை பிறப்பித்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளை மாற்றியமைத்தார்கள். அதன்பின் அங்கு கருவிகள் அந்த அளவிலிருந்து படிப்படியாகத் திறனைக் குறைக்கும் முறைக்கு வந்தன. இந்தியாவுக்கான அமைப்போடு விற்கப்படும் கருவி படிப்படியாகக் குறைக்கிறதா, 50.5 ஹெர்ட்ஸில் வெட்டென்று விலகுகிறதா என்பதைக் கையேட்டில் பார்த்தே இணைக்கவேண்டும். வெட்டென்று விலகும் கருவியாயின், அது திரும்ப இணையும் ஒவ்வொரு முறையும் நிரம்பிய பேட்டரிக்கு ஓர் இடியாகும். பேட்டரியின் அளவைக் கூட்டுவதோ பகலில் கிணற்று மோட்டாரை ஓட்டுவதோ அந்த இடியைத் தணிக்கும். காற்றாலையை இம்முறையில் இணைப்போர், கருவி விலகும் ஒவ்வொரு முறையும் கழிவுச்சுமை ஏற்கவேண்டும் என்பதை மறக்கலாகாது.

எர்த்தும் சோதனையும்

இக்காலத்துக் கருவிகளில் பல, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவை. எடையும் இழப்பும் குறைவதால் அவை விரும்பப்படுகின்றன. ஆனால் அவற்றில் நேர்மின் பக்கத்துக்கும் தெருக்கம்பிக்கும் இடையே பிரிவு கிடையாது. பேனலின் எதிர்முனையையோ பேட்டரியின் எதிர்முனையையோ வழக்கம்போல் எர்த்தோடு இணைத்துவிட்டால் தெருமின்சாரம் அதன் வழியே நிலத்துக்குப் பாயும். சட்டங்களையும் தாங்கிகளையும் காற்றாலைக் கோபுரத்தையும் எர்த் செய்யவேண்டும், நேர்மின் முனைகளைச் செய்யலாகாது. காற்றாலைச் சுருள் ஈரத்தால் கோபுர இரும்பைத் தொட்டுவிட்டாலும் இதே நிலை ஏற்படும் என்பதால், காற்றாலைக்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருவியே உகந்தது.

கோவிலூரைச் சூழ்ந்த செம்மண்ணும் சரளையும் பங்குனிக்குள் காய்ந்து இறுகி மின்சாரத்தை நிலத்துக்குள் விடாமல் மறிக்கும். மழைக்காலத்தில் 5 ஓமுக்குக் கீழே காட்டிய எர்த் குழி, சித்திரையில் அதைப் போல் பல மடங்கு காட்டக்கூடும். குழியைக் கிணற்றடியிலோ, துணி துவைக்கும் கல்லின் தண்ணீர் ஓடும் இடத்திலோ தோண்டி, கோடையில் அளந்து பார்த்து ஏற்கவேண்டும். மின்னல் தாக்குதலைத் தாங்கும் எஸ்.பி.டி. எனும் காப்புக் கருவிகளை நேர்மின் பக்கத்திலும் மாறுமின் பக்கத்திலும் தனித்தனியே வைப்பது அவசியம். எர்த் சரியில்லாத இடத்தில் அவை வெறும் அலங்காரமே.

இணைப்புக்குத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் விண்ணப்பிக்கவேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டு அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு; காற்றாலைக்கோ எஞ்சினுக்கோ அது பொருந்தாது. ஆகவே சூரிய அமைப்பைத் தனிக் கருவியோடு முறைப்படி முடித்துவிட்டு, பிற மூலத்துக்கு வேறொரு கருவியை வைத்து அதற்குத் தனியே அனுமதி பெறுவதே குழப்பமற்றது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்ந்து, திருமணம் திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வீடாக இருந்தால் உற்பத்தியில் பெரும்பகுதி தெருக்கம்பிக்கே போகும். அப்போது வரவு எந்த முறையில் கணக்கிடப்படும் என்பதைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் நடப்பு ஆணையைப் பார்த்து அறிந்தபின் அமைப்பின் அளவை முடிவு செய்யவேண்டும்.

எல்லாம் பொருத்தியபின், மின்வாரியப் பொறியாளர் முன்னிலையில், நல்ல வெயிலில் அல்லது நல்ல காற்றில் கருவி முழு அளவில் ஓடும்போது முதன்மை விசையை அணைக்கவேண்டும். வெளியீடு 2 விநாடிக்குள் சுழியாக வேண்டும். காற்றாலையாயின் அந்நொடியே கழிவுச்சுமை சூடேறி, நேர்மின்னழுத்தம் 400 வோல்ட்டை ஒட்டி நிற்கவேண்டும். விசையை மீண்டும் போட்டதும் கருவி உடனே ஓடத் தொடங்கினால் அதுவும் பிழையே. தெருக்கம்பி நிலைபெற்று 60 விநாடியேனும் கழிந்த பிறகே அது இணையவேண்டும். இச்சோதனையை ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னும் கோடைச் சூறைக்கு முன்னும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரே மீண்டும் செய்யுமாறு, விசைகளின் வரிசையைத் தமிழில் எழுதி மீட்டர் பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவைப்பது நலம்.